75-வது இல்லைங்க, 76-வது: சுதந்திர தின டீ-ஷர்ட் வித்த கதை

2022 ஆகஸ்ட் 6, சனிக்கிழமை, ராத்திரி ஒம்பதரை இருக்கும். கோபிச்செட்டிபாளையத்துல இருந்து ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் போன் பண்ணினார். டீ-ஷர்ட் வந்துடுச்சாம், துணி நல்லா இருக்காம், அளவும் சரியாம். "ஆனா அம்மணி, ஒரு கணக்கு கேக்கலாமுங்களா"ன்னு நிறுத்தினார். "47 ஆகஸ்ட் 15 எத்தனாவது சுதந்திர தினமுங்க?" மொதல் தினம்னேன். "அப்ப 48?" ரெண்டாவது. "சரி, 2022?" நான் விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சு பாதியிலயே வாயை மூடிட்டேன். டீ-ஷர்ட் நெஞ்சுல இந்தா பெருசா '75-வது சுதந்திர தினம்'னு போட்டிருக்கேன். 75 வருஷம் முடியுதுங்கறது சரி, ஆனா தினம்னு எண்ணினா அது 76-வது. 75-வது சுதந்திர தினம் போன வருஷமே, 2021-லயே முடிஞ்சு போச்சு.

அதுக்குள்ள அந்த டிசைன்ல மட்டும் 41 ஆர்டர். 22 பார்சல் கிளம்பிடுச்சு, 19 இன்னும் பிரின்ட் ஆகல. அப்பவே பிரின்டிங் யூனிட் அண்ணனுக்குப் போன் போட்டு அந்த 19-ஐ நிறுத்தி, 'விடுதலை 75 ஆண்டு'ன்னு ஃபைலை மாத்தி அனுப்பினேன், மறுநாள் மத்தியானம் சரியான பீஸ் வந்துடுச்சு. ஆர்டர் வந்தா மட்டும் அடிக்கற முறையில எனக்குக் கிடைச்ச ஒரே பெரிய நிம்மதி அதுதான். இதையே ஸ்கிரீன் பிரின்டிங்ல 500 பீஸ் மொத்தமா அடிச்சு வச்சிருந்தேன்னா அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரும் தூங்கியிருக்க மாட்டோம். போன 22 பேருக்கும் நானே மெசேஜ் அனுப்பி தப்பைச் சொன்னேன், 9 பேர் மாத்திக் கேட்டாங்க, பாக்கி பேர் பரவாயில்லக்கான்னுட்டாங்க, ஒருத்தர் மட்டும் 'தப்பாப் போட்டதுதான் பின்னாடி விலை போகும், வச்சுக்கறேன்'னார்.

சரி, மொதல்ல இருந்து சொல்றேன். நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா ஆறு வருஷம் இருந்தவ, பையன் பொறந்ததுக்கப்புறம் வீட்ல இருந்தே ஏதாவது பண்ணலாம்னு யோசிச்சுட்டிருந்தேன். அந்த வருஷம் ஜனவரில குடியரசு தின அணிவகுப்புக்குத் தமிழ்நாட்டு அலங்கார ஊர்தியை டெல்லில எடுத்துக்கல, வ.உ.சி., வேலு நாச்சியார், பாரதியார் எல்லாம் இருந்த ஊர்தி, அதை அப்புறம் சென்னைல ஓட்டி, மாவட்டங்களுக்கும் அனுப்பினாங்க. ஜனங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறதை டிவில பாத்தப்பதான் ஆகஸ்ட்ல 75 வருஷம் வருதே, இவங்க முகத்தைப் போட்டு நல்ல டீ-ஷர்ட் யாரும் பண்ணலையேன்னு தோணுச்சு.

சரக்கு வாங்கி அடுக்கற நெலமை இல்ல. நூல் விலை ஏறி ஏறி, மே மாசம் ஊரே ரெண்டு நாள் ஸ்டிரைக் பண்ணின வருஷம் அது. அதனாலதான் பிரின்ட் ஆன் டிமாண்ட். ஆர்டர் வரும், வெறும் டீ-ஷர்ட்ல டிடிஜி மெஷின்ல, அதாவது துணி மேல நேரா இங்க் அடிக்கற பிரின்டர்ல, ஒரு பீஸ் அடிப்பாங்க, பேக் பண்ணி கூரியர்ல போட்டுடுவாங்க, நமக்கு வேலை டிசைனும் விளம்பரமும் கஸ்டமர் பேச்சும்தான். ரெண்டு வழில பண்ணினேன். ஒண்ணு, டிசைனை ஏத்தினா எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கற ஒரு பெரிய ஆன்லைன் தளம். இன்னொண்ணு, அனுப்பர்பாளையம் பக்கம் தெரிஞ்ச அண்ணனோட யூனிட், ஆர்டர் என் இன்ஸ்டாகிராம் பக்கத்துல வரும், அவர் அடிச்சுக் குடுப்பார், நான் பேக் பண்ணுவேன். ஒரே ஒரு வழியை நம்பி இறங்காதீங்க, ஏன்னு பின்னாடி வருது.

மொதல் அடி சட்டத்துல. கொடியை அப்படியே டீ-ஷர்ட்ல போட்டா முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நினைப்போம். கொடிச் சட்டம் 2002-ஐயும், 1971-ல வந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தையும் ஒரு தடவை உக்காந்து படிச்சுடுங்க. இடுப்புக்குக் கீழ போடற எதுலயும் கொடி வரக் கூடாது, குஷன், கைக்குட்டை, நாப்கின், உள்ளாடை, அதுக்கப்புறம் 'எந்த உடைத் துணியிலும்'னு எழுதியிருக்கு. மீறினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். கடைத்தெருவுல எல்லாரும் போட்டு வித்துட்டுதான் இருக்காங்க, யாரையும் பிடிச்ச மாதிரி தெரியல, ஆனா என் பேர்ல ஜிஎஸ்டி எண்ணோட பில் போட்டு விக்கப் போறேன், அந்த ரிஸ்க் எனக்கு வேணாம்னு கொடியை அப்படியே போடறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். மூணு வண்ணத்தை ஒரு கோடா, ஒரு தூரிகை இழுப்பா மட்டும் வச்சேன், சக்கரம் இல்லாம. சிங்க முத்திரையும் வேணாம், காந்தி படமும் வேணாம், 1950 சின்னங்கள் சட்டத்தோட பட்டியல்ல காந்தி பேரும் படமும் இருக்கு. அரசு வெளியிட்ட 75 லோகோவையும் தொடல. அனுமதி கேட்டு காயிதம் எழுதி பதில் வர்றதுக்குள்ள ஆகஸ்ட் முடிஞ்சுடும்.

இவ்வளவு உஷாரா இருந்தும் ஒரு நாள் மாட்டினேன். அந்த ஆன்லைன் தளத்துல ஒரு டிசைனை ஏத்தினா 'எல்லாப் பொருளுக்கும் போடு'ன்னு ஒரு டிக் தானாவே விழுந்திருக்கும். நான் பாக்கல. ஜூலை கடைசில காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தி ஸ்கிரீன்ஷாட் அனுப்பறா, 'என்னடி இது'ன்னு. என் மூவண்ண டிசைன் மிதியடில இருக்கு. இன்னொண்ணு பாக்ஸர் டிராயர்ல. எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. 2017-ல ஒரு பெரிய ஆன்லைன் கம்பெனியோட கனடா தளத்துல நம்ம கொடி போட்ட மிதியடி வித்து, சுஷ்மா ஸ்வராஜே ட்விட்டர்ல எச்சரிச்சு எடுக்க வச்சாங்க, ஞாபகம் இருக்கலாம். என்னோடது கொடி இல்ல, வெறும் வண்ணக் கோடுதான்னு வாதாடலாம், ஆனா மிதியடில அந்த மூணு வண்ணத்தைப் பாத்தவங்க வாதத்தைக் கேக்கவா போறாங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து மக், போன் கவர், குஷன், மிதியடின்னு ஒவ்வொண்ணா தேடித் தேடி எடுத்தேன். டிசைன் ஏத்தின உடனே வேற போன்ல, லாகின் இல்லாம, கஸ்டமர் மாதிரி கடைக்குள்ள போய் ஒரு சுத்து சுத்திப் பாத்துடுங்க.

டிசைன் விஷயத்துக்கு வர்றேன், இதுலதான் எனக்கு ருசி. மூணு பேர்: வேலு நாச்சியார், திருப்பூர் குமரன், வ.உ.சி.யோட கப்பல். கூகுள்ல கிடைக்கற படத்தை எடுத்துப் போடறவங்க நிறைய, ஆனா அந்தப் படத்தை வரைஞ்சவர் ஒருத்தர் இருப்பார்ல. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரில படிச்ச ஒரு தம்பிகிட்ட படத்துக்கு 1,500 குடுத்து புதுசா வரையச் சொன்னேன், விக்கற உரிமை எனக்குன்னு வாட்ஸ்அப்லயே எழுதி வாங்கிக்கிட்டேன். கட்டபொம்மனும் போட ஆசைதான், ஆனா அந்தத் தம்பி எப்படி வரைஞ்சாலும் சிவாஜி முகமா வந்து நிக்குது, தமிழ்நாட்டுல யார் வரைஞ்சாலும் அப்படித்தான் வரும்போல, விட்டுட்டேன்.

குமரன் படத்துல பெரிய தப்பு நடக்கப் பாத்துச்சு. கையில கொடியோட விழற மாதிரி அருமையா வரைஞ்சிருந்தான், கொடில அசோகச் சக்கரம். எங்க மாமனார் எட்டிப் பாத்துட்டு "அந்தக் காலத்துல ராட்டையல்லோ இருந்துச்சு"ன்னார். ஆமா, குமரன் செத்தது 1932 ஜனவரி 11. அசோகச் சக்கரம் போட்ட கொடியை ஏத்துக்கிட்டது 1947 ஜூலை 22. 15 வருஷத்துக்கு அப்புறம் வரப் போற கொடியை அவர் கையில குடுத்திருக்கோம். ராட்டையா மாத்தினதுல இன்னொரு நன்மையும் ஆச்சு, அது இன்னிக்குத் தேசியக் கொடி இல்ல, அதனால மனசுல இருந்த உறுத்தலும் கொறைஞ்சுது. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு, ஸ்டேஷன் போறப்ப வர்றப்பெல்லாம் அவர் பேரைப் பாத்துக்கிட்டு, எனக்கு இது தோணலையேன்னு கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

அடுத்து தமிழ் எழுத்து. இதை யாருமே சொல்ல மாட்டாங்க. தளத்தோட டிசைன் டூல்ல நேரா 'கொடி காத்த குமரன்'னு டைப் பண்ணினேன், ஸ்கிரீன்ல ஒழுங்காத்தான் தெரிஞ்சுது. சாம்பிள் வந்தா, 'கொ'வோட கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போய் நிக்குது, துணைக்காலுக்குப் பக்கத்துல புள்ளியா ஒரு வட்டம் வேற. கெட்டி பேப்பர்ல அடிச்ச கல்யாணப் பத்திரிகைல கூட இந்தக் கூத்து நடக்கும், பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம் தமிழை எப்பவுமே என் கம்ப்யூட்டர்லயே எழுதி, எழுத்தை கர்வ் பண்ணி, அதாவது எழுத்தா இல்லாம படமா மாத்தி, பின்னணி இல்லாத பிஎன்ஜியா, 300 டிபிஐ-ல அனுப்பறேன். 12 இன்ச்சுக்கு 16 இன்ச் பிரின்ட்னா 3600-க்கு 4800 பிக்சல். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அமுக்கிப் போட்டுடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. கர்வ் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட குடுத்து எழுத்துப் பிழை பாக்கச் சொல்லுங்க, ஏன்னா அப்புறம் திருத்த முடியாது. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கணக்கு தெரிஞ்சவரா இருந்தா நல்லது.

கலர். ஸ்கிரீன்ல பளபளன்னு தெரிஞ்ச காவி, துணில வந்தப்ப செங்கல் கலர். யூனிட் அண்ணன் "ஸ்கிரீன் கலரை நம்பி வந்தீன்னா இப்படித்தான் அம்மணி"ன்னு சிரிச்சுட்டு, ஒரே டீ-ஷர்ட்ல ஆறு விதமான காவியைச் சின்னச் சின்னக் கட்டமா அடிச்சுக் குடுத்தார், அதுல இருந்து ஒண்ணைத் தேர்ந்தெடுத்தேன். இது மாதிரி ஒரு டெஸ்ட் பீஸ் இல்லாம கடையைத் திறக்காதீங்க. கறுப்பு, நேவி மாதிரி இருட்டுக் கலர்ல அடிக்கணும்னா மொதல்ல ப்ரீ-ட்ரீட்மென்ட் தண்ணி அடிச்சு, ஹீட் பிரெஸ்ல காய வச்சு, அடில வெள்ளை இங்க் ஒரு கோட் போட்டு அதுக்கு மேலதான் கலர். செலவும் கூட, நேரமும் கூட. அந்தத் தண்ணி அடிச்ச இடம் லேசா ஒரு சதுரக் கறை மாதிரி தெரியும், புளிச்ச வாடை வேற வரும், ஒரு தடவை அலசினா ரெண்டும் போயிடும். இதை ஒரு சீட்டுல எழுதி பார்சலுக்குள்ள வைக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் 'பழைய டீ-ஷர்ட்டை அனுப்பிட்டீங்களா'ங்கற மெசேஜ் நின்னுது.

இப்ப காசு. விலை 499 வச்சேன். 180 ஜிஎஸ்எம் கனத்துல, மெத்துன்னு இருக்கறதுக்காக பயோ வாஷ் பண்ணின துணியும் பிரின்ட்டும் பேக்கிங்கும் சேத்து எனக்கு 290. கூரியர் 65. ஜிஎஸ்டி, அப்ப 1,000 ரூபாய்க்குக் கீழ இருக்கற துணிக்கு 5 சதவீதம், 24 ரூபாய். பேமென்ட் கேட்வே 10. இன்ஸ்டா விளம்பரம் ஒரு ஆர்டருக்கு சராசரியா 60, ஆடித் தள்ளுபடி நேரம்ங்கறதால எல்லா ஜவுளிக்கடையும் விளம்பரம் போட்டு ரேட்டை ஏத்தி விட்டிருந்தாங்க. கழிச்சா கையில 50 ரூபாய். எங்க ஊர் பனியன் மார்க்கெட் காதர்பேட்டைல மூவண்ணம் அடிச்ச டீ-ஷர்ட் மொத்தமா எடுத்தா அப்ப 120-க்குக் கிடைச்சுது, அதோட நான் விலைல போட்டி போடவே முடியாது, படத்தையும் துணியையும் வச்சுத்தான் விக்கணும். தளம் மூலமா விக்கறதுக்கு அப்ப மொதல் ரூபாய்ல இருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், அவங்க விக்கற காசுல 1 சதவீதம் டிசிஎஸ்னு வரி வேற அப்ப பிடிச்சுக்கிட்டாங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுத்தான் அதை எடுக்கணும். 2023 அக்டோபர்ல இருந்து சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கற சின்ன ஆளுங்களுக்குப் பதிவுல தளர்வு குடுத்திருக்காங்க, உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அந்த 50 ரூபாயைத் தின்னது ஆர்டிஓ. வண்டி ஆபீஸ் இல்லைங்க, கேஷ் ஆன் டெலிவரில அனுப்பின பார்சலை வாங்காம திருப்பி விடறது. போக 65, வர 65, டீ-ஷர்ட் 290, விளம்பரம் 60, ஒண்ணு திரும்பினா 480 ரூபாய் போச்சு, அதை எடுக்க ஏறக்குறைய 10 நல்ல ஆர்டர் வேணும். சாதாரண டீ-ஷர்ட்னா திரும்பி வந்ததை இன்னொருத்தருக்கு விக்கலாம். தேதி போட்டதை ஆகஸ்ட் 16-ம் தேதி யாருக்கு விப்பீங்க?

அந்தக் கடைசி வாரத்தை இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. ஜூலை 31 வானொலிப் பேச்சுல பிரதமர் எல்லாரும் டிபில மூவண்ணம் வைங்கன்னார், 13-ல இருந்து 15 வரைக்கும் வீட்டுக்கு வீடு கொடின்னு ஏற்கனவே அறிவிச்சிருந்தாங்க, ஆகஸ்ட் 2-க்கு அப்புறம் ஆர்டர் மளமளன்னு வருது. எனக்கு ஒரே சந்தோஷம். காலண்டரைப் பாக்கல. 9 மொகரம் லீவு. 13 சனி, 14 ஞாயிறு, 15 திங்கள், அன்னிக்கே லீவு. அப்ப 12 வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கஸ்டமர் கைக்குப் போகலன்னா போகலதான். பின்னாடி எண்ணிக்கிட்டு வந்தா, வெளியூருக்குக் கூரியர் 3 நாள், லீவு 1 நாள், பிரின்ட் 2 நாள், ஆக 6-ம் தேதி சாயங்காலமே ஆர்டரை மூடியிருக்கணும். நான் 10-ம் தேதி வரைக்கும் திறந்து வச்சிருந்தேன். அந்த ஆன்லைன் தளத்துல 2 நாள்னு போட்டிருந்தது 6 நாள் ஆச்சு, அவங்களுக்கும் எல்லாக் கடைக்காரன் ஆர்டரும் ஒரே வாரத்துல வந்து குமிஞ்சுடுச்சு, கேட்டா டிக்கெட் நம்பர் ஒண்ணு வரும், பதில் வராது. உள்ளூர் யூனிட் மட்டும் இல்லன்னா தலைல துண்டு போட்டிருப்பேன். அங்கயும் 8-ம் தேதி பிரின்ட் ஹெட்ல வெள்ளை இங்க் அடைச்சுக்கிட்டு அரை நாள் நின்னு போச்சு, வெள்ளை இங்க் சட்டுனு படிஞ்சுடும், அதைக் கலக்கிக்கிட்டே இருக்கணும். 16-ம் தேதி ஒரு கஸ்டமர் போன்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு: "பொங்கல் முடிஞ்சு கரும்பு கொண்டாந்தா என்னங்க பண்றது?" அவர் சொன்னதுல என்ன தப்பு.

ஆகஸ்ட் முடியறப்ப மொத்தம் 212 ஆர்டர், அதுல 90 கேஷ் ஆன் டெலிவரி, 27 திரும்பி வந்துச்சு. எல்லாம் கூட்டிக் கழிச்சா அந்தத் தனித்தனி ஆர்டர்கள்ல நட்டம்தான், தப்பாப் போட்ட 9 பீஸை மாத்திக் குடுத்த செலவு வேற. என்னைக் காப்பாத்தினது நான் எதிர்பாக்காத ரெண்டு ஆர்டர். கோயம்புத்தூர்ல ஒரு அபார்ட்மென்ட் சங்கம் 120 பீஸ், அவினாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் வாத்தியார்களுக்கு 80 பீஸ். ஒரே டிசைன், ஒரே இடத்துக்கு டெலிவரி, பாதிப் பணம் அட்வான்ஸ். இதை டிடிஜில அடிச்சா முட்டாள்தனம், நேரா ஸ்கிரீன் பிரின்டிங் ஜாப் வொர்க் குடுத்துட்டேன், பீஸுக்கு 45, 60-ன்னு லாபம் நின்னுது. முன்னாடி சொன்ன நட்டமும் சாம்பிள் செலவும் போக ரெண்டாயிரம் சொச்சம் கையில. படம் வரைஞ்ச தம்பிக்குக் குடுத்த 4,500-ஐ இதுல சேக்கல, சேத்தா கைநட்டம்தான்.

அடுத்த தடவை பண்ணினா ஜூன்லயே அபார்ட்மென்ட் சங்கம், பள்ளிக்கூடம், ரோட்டரி மாதிரி ஆளுங்ககிட்ட சாம்பிளோட நேர்ல போயிடுவேன். ஜூலை 20-க்கு மேல கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. குழந்தைங்க சைஸ் கண்டிப்பா வைப்பேன், பாதிப்பேர் மொதல்ல கேட்டது அதைத்தான், பள்ளிக்கூட ஃபங்ஷன் நாள்னு தெரிஞ்சும் எனக்குத் தோணல. டிசைன்ல வருஷம், எண்ணிக்கை, தேதி எதுவும் போட மாட்டேன், போட்டே ஆகணும்னா மொத்த ஆர்டருக்கு மட்டும்.

ஏன்னா வ.உ.சி. கப்பல் டீ-ஷர்ட்ல நான் எந்த எண்ணும் போடல, ஆகஸ்ட்ல அது மொத்தமே 14 தான் போச்சு. அந்த வருஷம் செப்டம்பர் 5 அவரோட 150-வது பிறந்த நாள். அது எனக்கே தூத்துக்குடில இருந்து ஒரு அண்ணன் 30 பீஸ் கேட்டப்பதான் தெரியும். 1872-ல பொறந்தவர், இந்தத் தடவை ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டுத்தான் சரின்னேன். வேலு நாச்சியார் இன்னிக்கும் மாசத்துக்குப் பத்துப் பதினஞ்சு போகுது, பெரும்பாலும் காலேஜ் பொண்ணுங்க. தம்பிக்குக் குடுத்த காசு அப்படித்தான் தேறிச்சு.

மாத்திக் கேட்ட 9 பேர்ல உள்ளூர்க்காரங்க ரெண்டு பேர் பழசைக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. அதுல எக்ஸ்எல் ஒண்ணை மாமனார் எடுத்துக்கிட்டார். அதைப் போட்டுக்கிட்டுத்தான் இப்பவும் தென்னைக்குத் தண்ணி கட்டப் போறார். வாரா வாரம் தோய்க்கறப்ப பாக்கறேன், துணி வெளுத்து கழுத்துல நூல் பிரிய ஆரம்பிச்சுடுச்சு, '75-வது' மட்டும் துளி கூட மங்கல.